பழுது: ஒன்று

விருந்தாளி அணி இறங்கிய அன்று
விமான நிலையத்திலிருந்து ஓட்டல்வரை
சாலையை மூடிவிட்டார்கள்.
குல்பர்கில் ஒரு கல்யாண ஊர்வலம்
குதிரையோடு மூன்று மணிநேரம் நின்றது.
நான் நிலவறையில் இருந்தேன்.
எனக்குச் சாலை கிடையாது.
சுவரில் ஒரு ஓட்டை, அதன் வழியாக
மூட்டைகள் வழுக்கி வந்து விழும்.

எத்தனையோ வருடம் கழித்து வருகிறார்கள்.
லாகூர் முழுக்க ஒரே பேச்சு:
வெளுத்து வாங்கணும்.
மைத்துனன் முபஷ்ஷிர் சொன்னான்,
ரொட்டிக்கடைக்காரன் சொன்னான்,
காவலுக்கு நின்ற சிப்பாய்கூடச் சொன்னான்.
உண்மையில் வெளுத்தது நான் ஒருவன்தான்.

முதல் நாள் மூட்டை, முப்பத்தொரு சட்டை.
கால்சட்டைகளின் முழங்காலில் புல்,
தொடையில் பந்து தேய்த்த சிவப்பு.
பச்சைக்கு வினிகர், சிவப்புக்குக் குளிர்ந்த நீர்.
வெந்நீர் பட்டால் சிவப்பு குடியேறிவிடும்.
யார் எத்தனை முறை விழுந்தார்,
யார் குனியவே இல்லை,
எல்லாம் எனக்குத் தெரியும்.
பெயர்தான் தெரியாது. கழுத்துப்பட்டையில்
அறை எண் மட்டும்.

நானூற்றுப் பன்னிரண்டு வேகப்பந்துக்காரர்.
வலது தொடை அவ்வளவு சிவப்பு.
இரண்டாம் நாள் இடது விலாவில் தைலக் கறை,
நாணயம் அளவு.
மூன்றாம் நாள் ரொட்டி அளவு.
உள்பக்கம் ஒட்டியபடி ஒரு நீலப்பட்டி,
பட்டியில் பிடுங்கி வந்த முடி.
தொலைக்காட்சியில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் இரவு வந்த சட்டையைக்
கழுத்திலிருந்து அடிவரை
கத்தரியால் வெட்டியிருந்தார்கள்.
தலைவழி கழற்றக் கை உயரவில்லை.
சலவைச் சீட்டில் ‘பழுது’ என்ற கட்டத்தில்
ஒரு டிக்.

மறுநாள் எங்களுக்கு வேண்டியது எழுபத்திரண்டு ஓட்டம்,
கையில் ஐந்து விக்கெட்.
எங்கள் அணியின் பேருந்தை ஓட்டுகிறவன்
முபஷ்ஷிரின் கூட்டாளி.
ஒரு போன். ‘அந்த ஆளுக்கு விலா போய்விட்டது,
பயப்படாமல் அடியுங்கள்.’ அவ்வளவுதான்.
போனை எடுத்தேன். கையில் சோப்பு.
துடைத்துவிட்டு எடுத்தேன்.
முபஷ்ஷிர் ‘சொல்லு’ என்றான்.
‘சாப்பிட்டாயா’ என்று கேட்டு வைத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்காதீர்கள்.
பாசமெல்லாம் இல்லை,
அவரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.
அழுக்கைப் பற்றி வாய் திறக்காதவனிடம்தான்
அழுக்கைக் கொடுப்பார்கள்,
அப்படி ஏதோ.
அதுவும் அப்புறம் யோசித்ததுதான்.

துணியறை சுக்ரா பீபி தைத்தாள்,
இரட்டைத் தையல்,
‘எந்தப் பயல் இப்படி வெட்டினான்’ என்று
திட்டிக்கொண்டே.

ஐந்தாம் நாள் காலை பனிமூட்டம், ஆட்டம் தாமதம்.
அவரிடம் வேறு சட்டைகள் இருந்திருக்கும்.
போட்டிருந்தது அதைத்தான்.
ஊரே பந்தின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தது,
நானும் பீபியும் சட்டையின் தையலை.
கை சுழலும்போதெல்லாம்
பீபி மூச்சைப் பிடித்தாள்.
பிரியவில்லை.
ஒன்பது ஓவர். மூன்று விக்கெட்.
பதினான்கு ஓட்டத்தில் தோற்றோம்.

‘நல்ல நூல்’ என்றாள் பீபி. உடனே
நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இரவு முபஷ்ஷிர் சாப்பிட மாட்டேன் என்றான்.
‘உன் ஓட்டல்தானே, வெந்நீரையாவது
நிறுத்தித் தொலைத்திருக்கலாமே.’
ரொட்டியை அவன் பக்கம் தள்ளினேன்.

கணக்கில் எழுதியது:
சட்டை நூற்று அறுபத்தெட்டு,
கால்சட்டை நூற்று முப்பது,
பழுது ஒன்று.

வரும் ஜனவரியில் எங்கள் பையன்கள்
அங்கே போகிறார்கள்.
அங்கேயும் ஓட்டலுக்கு அடியில் ஓர் அறை இருக்கும்,
சுவரில் ஓட்டை இருக்கும்,
மூட்டை வந்து விழும்.
அவன் வாய் எப்படியோ.